கிருமாம்பாக்கத்தில் விரல் இழந்த தம்பிக்கு: அந்த முத்திரைத்தாளில் கையெழுத்து வேண்டாம்

ரெட்டிச்சாவடியில் இருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு வயது 28. கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்டர் மூலம் மூன்று ஆண்டுகளாகப் பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம்) ஓட்டுகிறார். மாதம் 14,000 ரூபாய். பாதி ரொக்கம், பாதி செல்போன் வழியாக வரும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. 2025 செப்டம்பரில், 12 மணி நேர இரவு ஷிப்டின் கடைசி மணி நேரத்தில், வலது கையின் ஆட்காட்டி விரலும் நடு விரலும் அடியோடு போய்விட்டன. மருத்துவச் செலவு 80,000 ரூபாயைக் காண்ட்ராக்டர் கட்டினார். பிறகு 25,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு, 'இனி எந்தப் பாக்கியும் இல்லை, கவனக்குறைவு என்னுடையதுதான்' என்று எழுதிய முத்திரைத்தாளில் தம்பியைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போடலாமா என்பது கேள்வி.

போட வேண்டாம். பணத்தை வாங்கியது தவறில்லை, அதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். கையெழுத்தை மட்டும் தள்ளி வையுங்கள். கடலூரில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாதிரிக் கோப்புகளோடு உட்கார்ந்திருக்கிறேன். விபத்தில் தோற்றவர்களைவிட விபத்துக்குப் பிந்தைய முதல் மாதத்தில் போட்ட கையெழுத்தால் தோற்றவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

காண்ட்ராக்டர் சொல்லும் 'கவனக்குறைவு' என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் குடும்பத்தைப் பயமுறுத்தி வைத்திருப்பது அதுதான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் யார் மீது தவறு என்று கேட்பதே இல்லை. வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் காயம் ஏற்பட்டதா என்பது மட்டும்தான் அதன் கேள்வி. தூக்கக் கலக்கத்தில் கை தவறியிருந்தாலும் இழப்பீடு உண்டு. விலக்கு மிகச் சில: குடித்திருந்ததால் நடந்த விபத்து, பாதுகாப்புக்கென்று சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தே அதைக் கழற்றி எறிந்தது. தொழிலாளி இறந்துவிட்டாலோ நிரந்தரமாக முழுத் திறனையும் இழந்துவிட்டாலோ இந்த விலக்குகளும் முதலாளிக்கு உதவாது.

'வேண்டுமென்றே' என்பதைக் கவனியுங்கள். பிரஸ்ஸின் முன்னால் கை நுழைந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சார் இருக்கும், அல்லது இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் தட்டு இறங்கும். உற்பத்தி எண்ணிக்கை கூட வேண்டும் என்று சூப்பர்வைசரே சென்சாரை அணைத்து வைப்பதும், ஒரு பொத்தானில் குச்சி செருகி வைப்பதும் பிரஸ் ஓட்டிய எவருக்கும் தெரிந்த கதை. அப்படி நடந்திருந்தால் அது உங்கள் தம்பி செய்த மீறல் ஆகாது, நிர்வாகம் செய்தது. அன்றைக்கு அந்த இயந்திரம் எந்த நிலையில் இருந்தது என்பதைத் தம்பி இன்றே ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வைக்கட்டும். ஆறு மாதம் கழித்துக் குறுக்கு விசாரணையில் கேட்கும்போது நினைவு கைவிடும், தாள் கைவிடாது.

பன்னிரண்டாவது மணி நேரத்தில் நடந்தது என்று படித்தபோது இந்த மண்ணின் பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியபோது, 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுக் காவல்துறை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதே ஊரின் எல்லைக்குள்தான் இப்போதும் இரவு முழுக்க பிரஸ் ஓடுகிறது.

இனிப் பணக் கணக்கு. இதைத் தெரிந்துகொண்டால் 25,000 என்பது எவ்வளவு சிறிய தொகை என்று உங்களுக்கே புரியும். நிரந்தர முழுத் திறன் இழப்புக்குச் சட்டம் சொல்லும் வாய்ப்பாடு, மாதச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை வயதுக்கான காரணியால் பெருக்குவது. காரணி என்பது சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வயதுவாரியாகக் கொடுத்திருக்கும் எண். 28 வயதுக்கு 211.79, 40 வயதுக்கு 184.17, 60 வயதுக்கு 117.41. வயது ஏற ஏற எண் இறங்கும், இன்னும் எத்தனை காலம் உழைத்திருப்பார் என்ற மதிப்பீடுதான் அது. சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரி 3 முதல் அது 15,000 ரூபாய்; அதற்கு முன் 8,000. இருபதாயிரம் வாங்கியவருக்கும் பதினைந்தாயிரம் என்றே கணக்கு. உங்கள் தம்பியின் 14,000 உள்ளே அடங்குகிறது.

14,000இல் 60 விழுக்காடு 8,400. அதை 211.79ஆல் பெருக்கினால் 17,79,036 ரூபாய். இது முழுத் திறனும் போனவருக்கு. பகுதித் திறன் இழப்புக்கு முதலாம் அட்டவணையில் விழுக்காடு வரையறுத்திருக்கிறார்கள்: கட்டைவிரல் போனால் 30, ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50, மூன்று விரல்கள் 30, இரண்டு விரல்கள் 20. தம்பிக்கு 20 விழுக்காடு, அதாவது 3,55,807 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. ஓர் ஆண்டு இழுத்தடித்தால் வட்டியே ஏறத்தாழ 42,700. தக்க காரணம் இல்லாமல் முதலாளி தாமதம் செய்தார் என்று, இந்த மனுக்களை விசாரிக்கும் தொழிலாளர் துறை ஆணையர் கருதினால் இழப்பீட்டுத் தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். சிகிச்சையில் இருந்த நாட்களுக்குத் தற்காலிகத் திறன் இழப்புத் தொகை தனி: அரை மாதத்துக்கு ஒரு முறை மாதச் சம்பளத்தில் கால் பங்கு, அதாவது 3,500.

அட்டவணை விழுக்காடு எல்லா நேரத்திலும் கடைசிச் சொல் அல்ல. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி இது முழு இழப்பு இல்லை என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே அவருக்கு இது நூறு விழுக்காடு இழப்புதான் என்று நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது, ஆணையர் தீர்ப்புச் சொல்லும் நாளில் அல்ல என்றும் அதே தீர்ப்பு சொன்னது. வலது கை ஆட்காட்டி விரலும் நடு விரலும் இல்லாமல் உங்கள் தம்பி என்ன வேலை செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை மருத்துவரின் சான்றிதழில் தெளிவாக எழுத வைப்பது அதனால்தான் முக்கியம். உடலில் இத்தனை விழுக்காடு குறை என்பது ஒன்று. சம்பாதிக்கும் திறனில் இத்தனை இழப்பு என்பது வேறு. பல மருத்துவர்கள் முதலாவதை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவதையும் கேட்டு வாங்குங்கள்.

காண்ட்ராக்டர் கட்டிய 80,000 ரூபாயை இதில் கழிப்பார்களா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவர் நிச்சயம் கேட்பார். கழிக்க முடியாது. சிகிச்சைக்காக முதலாளி கொடுத்த பணம் இழப்பீடாகக் கருதப்படாது என்று சட்டமே விளக்கம் தருகிறது. 2009 திருத்தத்துக்குப் பின், வேலையில் பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவை முழுவதும் திருப்பிக் கொடுப்பதே முதலாளியின் கடமை. அவர் செய்தது உதவி அல்ல. அதற்காக நன்றி சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், இரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாரே. நன்றி வேறு, பாக்கி வேறு.

முத்திரைத்தாளுக்கு வருகிறேன். இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாகச் செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்பது 17ஆம் பிரிவு. நூறு ரூபாய்த் தாளில் எழுதினாலும் ஆயிரம் ரூபாய்த் தாளில் எழுதினாலும், நோட்டரி முத்திரை குத்தினாலும் இதுதான் நிலை. இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளத் தடை இல்லை; ஆனால் அந்த ஒப்பந்தத்தை ஆணையரிடம் அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும், தொகை போதாது என்றால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். அனுப்பாமல் விட்டால், முதலாளி முழு இழப்பீட்டையும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இழப்பீடாகக் கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை இல்லை, ஆணையர் வேறு விதமாகச் சொன்னால் தவிர. அதாவது 25,000 கொடுத்தவருக்கு 12,500தான் கழியும். செல்லாத தாள்தானே, போட்டால் என்ன என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தம் செல்லாது, ஆனால் 'கவனக்குறைவு என்னுடையது', 'நான் இரண்டு மாதமாகத்தான் வேலை செய்கிறேன்', 'சம்பளம் எட்டாயிரம்' என்று உள்ளே எழுதியிருக்கும் வரிகள் சாட்சியமாக எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கையில் இருக்கும். அவற்றைத் துடைக்க ஓர் ஆண்டு போகும்.

'நீ என் ஆள், கம்பெனிக்கும் உனக்கும் சம்பந்தம் இல்லை' என்ற பேச்சுக்கும் சட்டத்தில் இடமில்லை. கம்பெனியின் வழக்கமான தொழிலில் ஒரு பகுதியை, கம்பெனியின் வளாகத்தில் காண்ட்ராக்டர் ஆளை வைத்துச் செய்தால், இழப்பீட்டைக் கம்பெனியிடமே கேட்கலாம் என்பது 12ஆம் பிரிவு. கொடுத்துவிட்டுக் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் இருவருக்கும் இடையிலான விவகாரம். மனுவில் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். காண்ட்ராக்டரை மட்டும் சேர்த்து வென்ற ஒருவர், பணம் வாங்கப் போனபோது அந்தக் காண்ட்ராக்டரின் அலுவலகம் இருந்த இடத்தில் டீக்கடை இருந்தது. அந்த முதல் மனுவை எழுதிக் கொடுத்தது நான்தான். அன்று கற்றது இது.

இதுவரை சொன்னதெல்லாம் இழப்பீட்டுச் சட்டம். ஆனால் உங்கள் தம்பியின் விஷயத்தில் அதற்கு முன் ஒரு கதவு இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டுச் சம்பளம் வாங்குகிறவர் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறார். காண்ட்ராக்ட் ஆட்களும் அந்த எண்ணிக்கையில் சேர்த்திதான். இ.எஸ்.ஐ. பொருந்தும் இடத்தில் அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தில் தனியாகக் கேட்க முடியாது. பிடித்தமே செய்யவில்லையே என்கிறீர்கள். பிடித்தம் செய்யாதது முதலாளியின் குற்றம். தொழிலாளியின் உரிமை அதனால் போய்விடாது. சந்தா கட்ட வேண்டியவருக்குக் கட்டாமல் விட்டிருந்தாலும் காப்பீடு பெற்றவராகவே சட்டம் அவரைக் கருதுகிறது; இ.எஸ்.ஐ. கழகம் உதவித்தொகையைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க வழி இருக்கிறது. வேலைக் காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விரல் போனாலும் உண்டு.

இ.எஸ்.ஐ. என்றாலே நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். கோரிமேடு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நிற்பதை நினைத்துச் சுளிப்பது நியாயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தம்பியின் தினச் சம்பளம் ஏறத்தாழ 467 ரூபாய். சிகிச்சையில் இருந்த காலத்துக்கு அதில் 90 விழுக்காடு, நாளுக்குச் சுமார் 420. காயம் ஆறியபின் மருத்துவக் குழு 20 விழுக்காடு இழப்பு என்று சொன்னால், 420இல் 20 விழுக்காடான 84 ரூபாய் நாள்தோறும், வாழ்நாள் முழுக்க. மாதம் 2,520. அவர் இன்னும் நாற்பது ஆண்டு இருந்தால் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டும். அதோடு வேறு வேலைக்குப் போய் முழுச் சம்பளம் வாங்கினாலும் இந்தத் தொகை நிற்காது. ஒரே தவணையில் மூன்றரை லட்சம் கிடைப்பது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும்; கடன்காரர்கள் வாசலில் நிற்கும் வீட்டுக்கு அதுதான் வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் 28 வயதுக்காரருக்கு இ.எஸ்.ஐ. வழியே நல்லது என்பது என் கருத்து.

ஆகவே செய்ய வேண்டியது: புதுச்சேரி இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு, விபத்து நாள், வேலை செய்த இடம், கம்பெனி, காண்ட்ராக்டர், சம்பளம் எல்லாம் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். தம்பி பெயரில் காப்பீட்டு எண் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். விபத்து நடந்த மறுநாள் அவசரமாகப் பதிந்து, அன்றுதான் வேலைக்குச் சேர்ந்ததாகக் காட்டும் தந்திரம் நடப்பதுண்டு. மூன்று ஆண்டாக வந்த செல்போன் பணப் பரிமாற்றம் அதை உடைக்கும். கம்பெனி தரப்பில் இ.எஸ்.ஐ. பொருந்தாது என்று நிலை எடுத்தால் இழப்பீட்டுச் சட்டக் கதவு திறக்கிறது. அதற்கான காலவரையறை விபத்து நாளில் இருந்து இரண்டு ஆண்டுகள். உங்களுக்கு 2027 செப்டம்பர். இ.எஸ்.ஐ. பதிலுக்காகக் காத்திருந்தே அந்த நாளைத் தவறவிடாதீர்கள். பதில் வராத நிலையில் எட்டு, பத்து மாதம் போய்விட்டால் ஆணையரிடமும் மனுவைப் போட்டு வைப்பேன் நான்.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரிப் பட்டறை, நாலைந்து பேர் வேலை செய்யும் வெல்டிங் கடை, வீடு கட்டும் மேஸ்திரியின் கூட்டம் ஆகிய இடங்களில் இ.எஸ்.ஐ. பெரும்பாலும் வராது. அங்கே இழப்பீட்டுச் சட்டமே நேரடித் துணை. கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் கிடைக்கும் உதவித்தொகை இதற்கு மாற்று அல்ல. வாரியப் பணம் வந்துவிட்டதே என்று இழப்பீட்டைக் கேட்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் இவ்வளவு சாதகமாக இருந்தும் வழக்குகள் ஏன் தோற்கின்றன என்றால், நிரூபணத்தில்தான். அதில் முதல் காகிதம் ஏ.ஆர். காப்பி. விபத்தில் அடிபட்டு வருகிறவரைச் சேர்க்கும்போது மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் எழுதும் குறிப்பு அது: யார் அழைத்து வந்தார், எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது. நோயாளி வலியில் கிடப்பார். வாய் திறப்பவர் அழைத்து வந்த மேஸ்திரி. மஞ்சக்குப்பத்தில் கட்டட வேலையில் சாரத்தில் இருந்து விழுந்த ஒரு கொத்தனாருக்கு, 'பைக்கில் இருந்து விழுந்தார்' என்று பதிவேட்டில் ஏறிவிட்டது. அந்த ஒரு வரியோடு ஏறத்தாழ இரண்டு ஆண்டு மல்லுக்கட்டினோம். கடைசியில் காப்பாற்றியது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த வேறொரு வரி: காயத்தைக் கழுவியபோது சிமெண்ட் துகள்கள் இருந்தன என்று பணியில் இருந்த மருத்துவர் குறித்திருந்தார். பைக்கில் போனவர் காயத்தில் சிமெண்ட் எப்படி வந்தது என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பிடம் பதில் இல்லை. எல்லோருக்கும் அப்படி ஒரு மருத்துவர் வாய்க்கமாட்டார். உங்கள் தம்பியின் ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். முதலில் தனியார் மருத்துவமனை, பிறகு ஜிப்மர் என்று மாறியிருந்தால் இரண்டு இடத்துத் தாளும் வேண்டும். 'பிரஸ் மெஷினில் கை சிக்கியது' என்று இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. 'வீட்டில்' என்று இருந்தால், என்ன நடந்தது, யார் அப்படிச் சொன்னார் என்பதை உடனே எழுத்தில் காவல் நிலையத்திலும் தொழிலாளர் துறையிலும் கொடுங்கள். தாமதம் ஆக ஆக மறுப்பின் எடை குறையும்.

அடுத்தது வேலை செய்ததற்கும் சம்பளத்துக்கும் ஆதாரம். பரிமாற்ற விவரம் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை, ஷிப்ட் மாற்றம் பற்றி வந்த வாட்ஸ்அப் செய்திகள், கேட்டில் எடுத்த படம், கம்பெனி வேனில் உடன் வந்தவர்களின் பெயர்கள். உடன் வேலை செய்கிறவர் சாட்சி சொல்லப் பயப்படுவார். அவர் பிழைப்பும் அங்கேதானே. வேலையை விட்டுப் போன பழைய ஆட்களைத் தேடுங்கள், அவர்கள் பேசுவார்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு நிர்வாகம் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினார்களா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 'அனுப்பவில்லை' என்ற பதிலும் உங்களுக்கு ஆதாரம்தான். கம்பெனிக்கும் காண்ட்ராக்டருக்கும் விபத்து விவரத்தைச் சொல்லி இழப்பீடு கேட்டு விரைவு அஞ்சலில் ஒரு கடிதமும் அனுப்பிவிடுங்கள். அறிவிப்புக் கொடுக்காததால் மட்டும் மனு தள்ளுபடி ஆகாது, முதலாளிக்கு விபத்து முன்பே தெரியும் என்பதால். ஆனாலும் கடிதம் இருப்பது நல்லது.

உங்களுக்கு எல்லைச் சிக்கல் இருக்கிறதே என்ற கவலை வேண்டாம். விபத்து நடந்தது புதுச்சேரி ஒன்றியப் பகுதியில், வீடு இருப்பது கடலூர் மாவட்டத்தில். விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம், இதில் எங்கே வேண்டுமானாலும் மனுப் போடலாம். புதுச்சேரித் தொழிலாளர் துறையிலும் போடலாம். கடலூரில் தொழிலாளர் துறை ஆணையரிடமும் போடலாம், அவர் புதுச்சேரி ஆணையருக்குத் தகவல் அனுப்பிவிட்டு விசாரிப்பார். சாட்சிகள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள், எந்தப் பக்கம் பஸ் வசதி என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கடலூர் சிப்காட்டில் வேலை செய்து காயம்பட்டு ஒடிசாவுக்கோ பீகாருக்கோ திரும்பிப் போனவர்கள் அங்கிருந்தே மனுப் போடலாம் என்பதும் இதே விதியால்தான்.

வழக்கறிஞர் செலவு பற்றி: தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வருவதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு என்று பேசும் ஆட்கள் அலுவலக வாசலிலேயே நிற்பார்கள். அவர்களிடமும் வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தீர்ப்பை எதிர்த்து முதலாளி உயர் நீதிமன்றம் போக வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். கொடுக்க மறுத்தால் நில வருவாய்ப் பாக்கி போல வசூலிக்கலாம்.

இதைப் படிக்கும் வேறு குடும்பங்களுக்கு இரண்டு செய்திகள். தொழிலாளி இறந்துபோன வழக்கில் முதலாளி இழப்பீட்டை மனைவியின் கையில் நேரடியாகக் கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்ததாகாது. ஆணையரிடம் கட்ட வேண்டும், அவர்தான் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். 2020 செப்டம்பரில் காட்டுமன்னார்கோவில் அருகே குருங்குடியில் பட்டாசு ஆலை வெடித்துப் பல பெண்கள் இறந்தார்களே, அதுபோன்ற நேரங்களில் சாவு வீட்டிலேயே பணக்கட்டை நீட்டிக் கைநாட்டு வாங்க வருகிறவர்கள் உண்டு. மற்றொன்று, வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்து. நேரத்துக்கும் பாதைக்கும் வேலைக்கும் தொடர்பு காட்ட முடிந்தால் அதுவும் வேலை விபத்துதான். அதிகாலை ஷிப்டுக்குப் பைக்கில் போகும்போது இறந்த ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. சாலை விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1923 சட்டத்தின் இடத்தையும் இ.எஸ்.ஐ. சட்டத்தின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. அந்த நாளுக்குப் பிறகு நடக்கும் விபத்துகளுக்கு அதுதான். வாய்ப்பாடும் இரண்டு ஆண்டுக் காலவரையறையும் அப்படியே தொடர்கின்றன. ஆணையர் என்ற பெயருக்குப் பதில் தகுதியுடைய அதிகாரி என்று வரும். உங்கள் தம்பிக்கு விபத்து செப்டம்பரில் நடந்ததால் பழைய சட்டமே பொருந்தும். புதிய சட்டம் வந்துவிட்டது, பழைய வழக்கெல்லாம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியாக, அந்த 25,000 ரூபாய்க்கு ரசீதாவது எழுதிக் கொடு என்று காண்ட்ராக்டர் கேட்பார். ரசீது கேட்பது அவர் உரிமை, கொடுக்கலாம். சாதாரண வெள்ளைத்தாளில், தம்பியே இடது கையால் எழுதினாலும் பரவாயில்லை, இவ்வளவு போதும்: 'இன்ன கம்பெனியின் பிரஸ் பிரிவில் இன்ன தேதியில் வேலை செய்யும்போது ஏற்பட்ட விபத்து தொடர்பாக, எனக்கு வர வேண்டிய தொகையில் முன்பணமாக ரூ. 25,000 பெற்றுக்கொண்டேன்.' கீழே தேதி, கையெழுத்து. கொடுக்கும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.